ரப்பருக்கும் ரோஷம் உண்டு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இத்தனை பேர் மாட்டுக்கொட்டகையில் பழைய காரை ஒளித்து வைத்திருப்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. தபாலில் பாதிக்கு மேல் புஷ் புலம்பல். மீதியில் கிரீஸ் கறை. படிக்க முடிந்தவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

பெரியப்பா, அம்பாசடரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்குப் புது ரப்பர் புஷ் வாங்கினேன். மூன்று நாளாகச் சம்மட்டியால் அடிக்கிறேன், உள்ளே போக மாட்டேன் என்கிறது. — ஒரு வாசகர், கூடப்பாக்கம்

அடித்தால் அடித்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் ரப்பரின் வேலை. அதற்குத்தானே காசு கொடுத்து வாங்கினீர்கள்? அடி நொடியில் முடிந்துவிடும். ரப்பர் அதற்கு மசியாது. அதற்கு வேண்டியது மெதுவான, சத்தமில்லாத, விடாத அழுத்தம். அடியாளை அனுப்பாதீர்கள், வட்டிக்காரரை அனுப்புங்கள்.

என் வீட்டுக்காரர் தூக்கத்தில் "புஷ், புஷ்" என்கிறார். யார் இந்தப் புஷ்பா? — ஒரு இல்லத்தரசி, ஒதியம்பட்டு

பயப்படாதீர்கள் அம்மா. அது ஒரு ரப்பர் வளையம். இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும். அது தேய்ந்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் "சைலண்ட் பிளாக்" என்கிறார். அது என்ன ஊமை பிளாக்? — ஒரு வாசகர், சேலியமேடு

1920-களில் பிரான்சில் பிறந்த சரக்கு. அங்கே அது ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். நம் பட்டறைகளில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. இரண்டு இரும்புக் குழாய், நடுவே ரப்பர், அவ்வளவுதான். வெளிக்குழாய் பட்டையின் கண் என்கிற துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்குழாய் போல்ட்டோடு சேர்ந்து சேசிஸைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் அசையாது, நடுவில் இருக்கும் ரப்பர் மட்டும் முறுக்கிக் கொடுக்கும். எதுவும் எதோடும் உரசாததால் எண்ணெயும் கேட்காது, சத்தமும் போடாது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். சைலண்ட் பிளாக் மட்டும் நம் ஊர் அம்பாசடருக்கு அடியில் குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டது.

புஷ் வழுக்கிப் போகக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் என்ன? — ஒரு டிராக்டர் மெக்கானிக், கிருமாம்பாக்கம்

தடவினால் அன்றைக்கு நீங்கள் ஹீரோ. ஆறு மாதம் கழித்து வில்லன். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எல்லாம் பெட்ரோலியக் குடும்பம். இயற்கை ரப்பர் இவற்றைக் குடித்து ஊதி, பிறகு கொழகொழத்துப் போகும். நம்பாவிட்டால் பஞ்சர் ஒட்டுகிற டியூப் துண்டு ஒன்றை ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் எடுத்தால் பழைய அளவு இருக்காது.

விளக்கெண்ணெய் தடவுங்கள். சிரிக்காதீர்கள். மற்ற எண்ணெய்களோடு சேராத தனி ஜாதி அது. ஆல்கஹாலில் கரையும், ரப்பரோடு வம்புக்குப் போகாது. அந்தக் காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவைதான். உள்ளே இருந்த ரப்பர் வாஷர்கள் அதில் ஊறித்தான் காலம் தள்ளின. ஸ்பேர் கடையில் சிவப்பு ரப்பர் கிரீஸ் என்று விற்பதும் பெரும்பாலும் விளக்கெண்ணெயைக் கெட்டியாக்கியதே. பாட்டி நம் வயிற்றுக்கு ஊற்றியதை நாம் வண்டிக்குத் தடவுகிறோம். இரண்டு இடத்திலும் பலன் ஒன்றுதான்: சிக்கிக்கொண்டது நகரும்.

விளக்கெண்ணெய் இருக்கட்டும். நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்கும் "திரவம்" ஊற்றலாமா? — குறும்புக்காரன், கன்னியக்கோவில்

கேள்வியில் விஷயம் இருக்கிறது, அதனால் மன்னித்தேன். மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட் நன்றாக வழுக்கும். வேலை முடிந்ததும் ஆவியாகிவிடும், ரப்பரைக் கெடுக்காது. சுவர்முட்டிச் சரக்கில் பாதிக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் சாயம். அதை ஊற்றினால் புஷ் ஏறாது, உங்களுக்குத்தான் ஏறும். ஸ்பிரிட் ஊற்றும்போது பீடியைத் தள்ளி வையுங்கள்.

சோப்புத் தண்ணீர் போதாதா? — கிராமத்து விஞ்ஞானி, குருவிநத்தம்

போதும். காயும்வரை வழுக்கும், காய்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும். புஷ் விஷயத்தில் இரண்டும் நல்லதே. ஆனால் நடுவழியில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

புஷ்ஷை ஃப்ரிட்ஜில் வைத்தால் சுருங்குமாமே, உண்மையா? — ஒரு மாணவி, வில்லியனூர்

உண்மை. எவ்வளவு என்று கேட்டால்தான் சிரிப்பு. நாற்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை 35 டிகிரியிலிருந்து மைனஸ் 15-க்குக் கொண்டுபோனால் 0.024 மில்லிமீட்டர் குறையும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. இருந்தாலும் இறுக்கமான இடத்தில் அந்த முடிப் பங்குதான் "மாட்டேன்" என்பதை "சரி, பார்க்கலாம்" என்று மாற்றும்.

நானும் செய்தேன் மகளே. ஐஸ் பெட்டியில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில், பாலிதீனில் சுற்றி நான்கு புஷ். மறுநாள் உன் பெரியம்மா மீன் எடுக்கப் போய்ப் புஷ்ஷை எடுத்து, உருகட்டும் என்று தண்ணீரில் போட்டுவிட்டாள். குழம்பு கொதிக்கும்வரை அவளும் கவனிக்கவில்லை. அந்த நான்கும் இன்று என் வண்டியில் இருக்கின்றன. மழை நாளில் லேசாக மணக்கும்.

பழைய புஷ்ஷை எடுக்க முடியவில்லை. கேஸ் வைத்துக் கொளுத்திவிடலாம் என்கிறார் வெல்டர். — ஒரு வாசகர், அரியூர்

கொளுத்தினால் மூன்று பேருக்குக் கேடு. முதல் ஆள் உங்கள் நுரையீரல். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அந்தப் புகையை மூக்கு மறக்காது. இரண்டாவது ஆள் பட்டை. கண் சிவக்கச் சிவக்கச் சுட்டால் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது வெறும் தகடு. மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரி. துணி காயப்போட்டிருப்பாள்.

பொறுமையான வழி சொல்கிறேன். டிரில்லால் ரப்பரைச் சுற்றிச் சுற்றித் துளை போடுங்கள். நடுக்குழாய் தானாகக் கழன்று வரும். மிச்ச ரப்பரைக் கத்தியால் சீவுங்கள். இப்போது கண்ணுக்குள் வெளிக்குழாய் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சா பிளேடை உள்ளே விட்டு மாட்டி, நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுங்கள். குழாய் அறுபட்டதும் சத்தம் மாறும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் அறுப்பது பட்டையை. பிறகு சின்ன உளியால் ஓரத்தை மடக்கித் தட்டினால் குழாய் சுருண்டு விழும். ஒரு கண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வெல்டருக்கு ஐந்து நிமிடம்தான், ஒப்புக்கொள்கிறேன். இடிக்கிறவருக்கு எப்போதும் நேரம் மிச்சம்.

போல்ட் துருப்பிடித்து உள்குழாயோடு ஒன்றாகிவிட்டது. கடல் காற்றா, விதியா? — ஒரு வாசகர், பாகூர்

கடல் காற்று பாதி, சோம்பல் பாதி. உங்கள் ஊரில் கிடைத்த செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாக எழுதி வைத்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் எழுத்து படிக்க வருகிறது. உங்கள் போல்ட் தலையில் இருந்த எழுத்து ஐம்பதே ஆண்டில் காணாமல் போய்விட்டது. செம்பின் அருமை அது. அதனால்தான் செம்புத் தூள் கலந்த பேஸ்ட் விற்கிறார்கள். புது போல்ட்டின் உடம்பில் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள், அடுத்த தலைமுறை கழற்ற முடியும். ரப்பரில் மட்டும் படக்கூடாது. அந்தப் பேஸ்டும் பெரும்பாலும் பெட்ரோலிய வாரிசுதான்.

நீங்கள் சொன்னபடி சம்மட்டியை விட்டுவிட்டு வைஸில் வைத்து அழுத்தினேன். நடுக்குழாய் மட்டும் அந்தப் பக்கம் பிதுங்கி வந்துவிட்டது. — கூடப்பாக்கம் வாசகர், இரண்டாம் கடிதம்

நடுவில் கை வைத்தால் நடுதான் வரும். அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் இறங்க வேண்டும். வெளிக்குழாயைவிட ஒரு நூல் சின்னதாக ஒரு சாக்கெட்டைத் தேடி இந்தப் பக்கம் வையுங்கள். அந்தப் பக்கம், கண்ணுக்கு வெளியே, புஷ் நுழைகிற அளவு பெரிய குழாய்த் துண்டு. இரண்டுக்கும் நடுவே த்ரெட் ராடு விட்டு, இரு முனையிலும் கனமான வாஷரும் நட்டும். ஸ்பேனரால் கால் சுற்று, மூச்சு, மறுபடி கால் சுற்று.

அதற்கு முன் உப்புத்தாளால் கண்ணின் உள்பக்கத் துருவை வழித்தெடுங்கள். வாயின் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் சரித்துவிடுங்கள். முதல் இரண்டு மில்லிமீட்டர் கோணாமல் நுழைந்தால் மிச்சம் தானே போகும். கோணலாக நுழைந்தால் உடனே வெளியே எடுங்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ராடு மலிவுச் சரக்காக இருந்தால் மரை உருகும். எனக்கு உருகியது, இரண்டு முறை.

பட்டையின் மறுமுனையில், ஷாக்கிள் பக்கம், பல பழைய வண்டிகளில் இரும்புக் குழாயே கிடையாது. தொப்பி மாதிரி இரண்டு அரை ரப்பர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. விளக்கெண்ணெய் தடவிக் கையாலேயே தள்ளலாம். அதற்கும் சம்மட்டி எடுத்தீர்கள் என்றால் எனக்கு எழுதாதீர்கள்.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அவர் விட்டுப்போனது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முன்சக்கரப் பகுதியில் எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துவிட்டேன். சரிதானே? — ஒரு பேரன், மங்கலம்

ஐயோ. ஹெரால்டின் முன்பக்கம், அடியில், டிரனியன் என்று ஒரு பித்தளைச் சமாசாரம் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும்போது தண்டு அதற்குள் மரையில் சுழலும். அதற்கு வேண்டியது 90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும், தண்டு உள்ளுக்குள்ளேயே அரித்து ஒரு நாள் முறியும். இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் ஓடியதை 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு என்று கட்டினார்கள். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், வில்லியனூர் மாட வீதிக்கென்றே செய்தது போல. தண்டு முறிந்தால் திரும்பவே வேண்டியிருக்காது. கிரீஸை வழித்தெறிந்துவிட்டு ஆயில் ஊற்று தம்பி, இன்றைக்கே.

முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கைக் கழற்ற ஜாக்கி மட்டும் போதுமா? — ஒரு வாசகர், பரிக்கல்பட்டு

இந்த ஒரு பதிலில் கிண்டல் கிடையாது. போதாது. அமுங்கிய காயில் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தைக் கொண்டுபோகும். கம்ப்ரஸர் போட்டு இறுக்கிய பிறகே கை வையுங்கள். அந்தக் கருவி இல்லையா? இருக்கிற பட்டறைக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போங்கள். அம்பாசடரின் முன்பக்கத்தில் காயில் கிடையாது, முறுக்குக் கம்பிதான். அதிலும் முறுக்கு ஏறித்தான் இருக்கும். முறுக்கைத் தளர்த்தாமல் தொடக்கூடாது. கழற்றினால் இடது, வலது என்று பெயிண்டால் குறித்து வையுங்கள். ஒரு பக்கம் முறுக்கிப் பழகியதை மறுபக்கம் மாட்டக்கூடாது.

ரப்பருக்கு ஏன் ரப்பர் என்று பெயர்? — 5-ஆம் வகுப்பு, சோரியாங்குப்பம்

ஆங்கிலத்தில் ரப் என்றால் தேய். 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, பென்சில் எழுத்தை இது தேய்த்து அழிக்கிறது என்று எழுதி வைத்தார். உன் பெட்டியில் இருக்கும் அழி ரப்பர்தான் மூத்தது, காருக்கு அடியில் இருப்பது தம்பி.

ரப்பரைக் கெட்டியாக்கிய குட்இயர் கோடீஸ்வரர் ஆனாரா? — ஒரு வாசகர், சேதராப்பட்டு

1839-இல் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிப் பதம் கண்டுபிடித்தார் சார்லஸ் குட்இயர். 1860-இல் கடனோடு செத்தார். அவர் பெயரில் டயர் கம்பெனி தொடங்கியது 1898-இல், அவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கியது. ஊதியவர் பிழைத்தார், கண்டுபிடித்தவர் பிழைக்கவில்லை.

பாலியூரித்தேன் புஷ் ஆயுள் முழுக்க வருமாமே? — நவீனன், மணப்பட்டு

வரும். யார் ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ரப்பரைவிடக் கெட்டி, வளைவில் வண்டி நன்றாக நிற்கும். ஆனால் சைலண்ட் பிளாக் மாதிரி முறுக்கிக் கொடுக்காது, போல்ட்டைச் சுற்றி உரசும். சிலிக்கான் கிரீஸ் தீர்ந்த நாளில் கீச்சிடும். ஏரிக்கரைச் சாலையில் ஓடும் அம்பாசடருக்கு அது எதற்கு? சோபாவுக்குப் பலகை ஆணி அடித்த கதை.

வில்லியனூர்த் தேருக்கு புஷ் உண்டா? — பக்தர், திருக்காஞ்சி

திருக்காமீஸ்வரர் தேருக்கு ஸ்பிரிங்கும் இல்லை, புஷ்ஷும் இல்லை. முட்டுக்கட்டைதான் பிரேக், அதுவே ஸ்டீயரிங். பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த தேர், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஓட்டுநர் மாறினாலும் பழுதாகாத ஒரே வண்டி.

அந்தக் காலத்துப் புதுச்சேரி வாகனம் புஸ்புஸ் பற்றி? — ஒரு வாசகர், கரிக்கலாம்பாக்கம்

முன்னால் உட்கார்ந்தவர் குச்சியைப் பிடித்துத் திருப்புவார், பின்னால் ஒருவர் தள்ளுவார். இன்று என் கார் கிளம்புவதும் அப்படியே. திருப்புவது நான், தள்ளுவது தெரு.

என் கார் 1970 மாடல். அரசாங்கம் மதிக்குமா? — ஒரு வாசகர், சுல்தான்பேட்டை

மதிக்கும், காசு வாங்கிக்கொண்டு. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் "வி.ஏ." என்று வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் அசலாக இருக்க வேண்டும். ஆனால் பேரணி, கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று இப்படிச் சில காரியங்களுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடம் அல்ல. மீன் வாங்கப் போகக் கூடாது. பேரணி மீன் மார்க்கெட் வழியாகப் போனால் நான் பொறுப்பல்ல.

காரை விற்கலாமா என்று வீட்டில் வாக்கெடுப்பு வைத்தேன். விற்கச் சொல்லி நால்வர், வேண்டாம் என்று நான் ஒருவன். — ஒரு வாசகர், கீழூர்

ஊருக்கு ஏற்ற ஆள். 1954 அக்டோபர் 18-இல் உங்கள் கீழூரில்தான் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிர்த்து 8. எதிர்த்தவர்களுக்குக் கிடைத்தது நாலரை சதவீதம். உங்களுக்கு இருபது. தேவலை.

அம்பாசடர் திரும்ப வருமா? — ஒரு டாக்சிக்காரர், பாகூர்

உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? பிரான்சின் பெஜோ. நாம் அனுப்பிவைத்தவர்கள் நம் டாக்சியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கணக்கு நேராகிவிட்டது.

நல்ல புஷ் எங்கே கிடைக்கும்? — பலர்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை. "ஒரிஜினல், அந்தக் காலத்துச் சரக்கு" என்று தூசி தட்டிக் கொடுத்தால் மயங்காதீர்கள். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகும். நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து உடனே நிமிர்ந்தால் வாங்குங்கள். வளைக்கும்போது சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். புஷ்ஷில் ஒரு பக்கம் மட்டும் வெட்டோ பள்ளமோ இருந்தால் அதற்குத் திசை உண்டு. பழையதைக் கழற்றும்முன் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறிவிட்டது பெரியப்பா! எல்லாப் புஷ்ஷும் ஏறிவிட்டது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். இப்போதே நட்டை இறுக்கப் போகிறேன், வாழ்த்துங்கள். — கூடப்பாக்கம் வாசகர், மூன்றாம் கடிதம்

நில்லுங்கள்! ஸ்பேனரைக் கீழே வையுங்கள். சம்மட்டியைவிடப் பெரிய தப்பு இதுதான், நல்ல மெக்கானிக்குகளே செய்வது.

வண்டி தூக்கியிருக்கும்போது பட்டை தொங்குகிறது. இப்போது இறுக்கினால் அந்தத் தொங்கல்தான் தன் இயல்பான நிலை என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு, நிறுத்தி வைத்த வண்டியிலும் இரவு பகலாக அப்படியே நிற்கும். பள்ளம் எதுவும் வராமலே கிழியும். மூன்று கடிதம் எழுதி மாட்டிய புஷ் மூன்று மாதம் தாங்காது.

நட்டை விரலால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்குங்கள். முன்னும் பின்னும் பத்தடி தள்ளுங்கள், நான்கு மூலையையும் அமுக்கிக் குலுக்குங்கள், தன் உயரத்துக்கு வந்து நிற்கட்டும். பிறகு பள்ளம் வெட்டிய பட்டறையில் நிறுத்தி, அடியில் இறங்கி முழுசாக இறுக்குங்கள். ஜாக்கியை நம்பி எக்காரணம் கொண்டும் கீழே படுக்காதீர்கள்.

முடித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தச் சம்மட்டியை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும்.